மெக்டவல் கவுண்டியின் மீடியன் வருமானம், 1979 முதல் இன்றுவரை: எந்தத் தொடரை எடுப்பது?

சுடர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பொதுச் சுகாதார முதுகலை ஆய்வுக்கு மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியை (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) எடுத்திருக்கிறேன். 1950இல் 98,887 பேர் வாழ்ந்த நிலக்கரி மண். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர்தான். இறப்பு விகிதத்துக்குப் பக்கத்தில் வைக்க, குடித்தன வருமானத்தின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 1979இலிருந்து ஆண்டுவாரியாகத் தேவை.

கையில் மூன்று விதமான எண்கள் இருக்கின்றன. பத்தாண்டுக் கணக்கெடுப்பு எண் (2000 கணக்கெடுப்பில் 16,931 டாலர்). அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, அதாவது ஏ.சி.எஸ்., தரும் ஐந்தாண்டு எண். ஃப்ரெட் என்ற பொருளாதாரத் தரவுத் தளத்தில் 1989இலிருந்து ஓடும் தொடர். மூன்றையும் ஒரே எக்செல் பத்தியில் போட்டுக் கோடு இழுத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி வருகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? எண் இல்லாத ஆண்டுகளை நேர்கோட்டில் நிரப்பிவிடலாமா?

---

சந்தேகப்பிராணி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? பி.இ.ஏ. (பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம்) ஒவ்வொரு கவுண்டிக்கும் 1969 முதல் ஆண்டுதோறும் தனிநபர் வருமானம் தருகிறது. இடைவெளியே கிடையாது. அதைப் போட்டு முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சந்தேகம், அது வேறு சரக்கு. பி.இ.ஏ. எண் சராசரி, மீடியன் அல்ல. அதோடு மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகும் மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கானது) தொகையும், முதலாளி ஓய்வூதிய நிதியில் கட்டும் பணமும் அதில் தனிநபர் வருமானமாக ஏறும். மெக்டவல் மாதிரி முதியவர்களும் உடல்நலம் குன்றியவர்களும் நிறைந்த இடத்தில் மெடிக்கேர் செலவு கூடினாலே தனிநபர் வருமானம் கூடியதாகக் காட்டும். சுடர் ஆராய்வது உடல்நலம். நோய் கூடக்கூட வருமானம் கூடும் ஒரு அளவை அதற்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வகுக்கும் எண்ணிலும் வில்லங்கம் உண்டு. அந்தக் கவுண்டியில் 2010 வாக்கில் ஒரு கூட்டாட்சிச் சிறை திறந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் மக்கள்தொகையில் எண்ணப்படுவார்கள், ஆகவே தனிநபர் கணக்கை இறக்குவார்கள். சிறை ஒரு குடித்தனம் அல்ல என்பதால் குடித்தன மீடியனை அவர்கள் தொடுவதே இல்லை.

சுடர், உங்களுக்கு விரிவான பதில் இரவு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். மெக்டவல் என்ற பெயரில் வட கரோலினாவிலும் ஒரு கவுண்டி இருக்கிறது. ஃபிப்ஸ் என்ற அரசுக் குறியீட்டு எண்ணில் உங்களுடையது 54047, அது 37111. பெயரை வைத்து அட்டவணைகளை இணைத்திருந்தால் இப்போதே சரிபாருங்கள்.

---

சுடர் எழுதியது:

ஃபிப்ஸ் எண்ணை வைத்துத்தான் இணைத்தேன் சார், அதில் பிரச்சினை இல்லை. இரவுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

---

மலைப்பாதை எழுதியது:

நான் பக்கத்துக் கவுண்டியில் வேலை பார்ப்பவன், மெக்டவலில் உள்ள வெல்ச் ஊருக்கு அடிக்கடி போவேன். புள்ளியியல் எனக்குத் தெரியாது, பார்த்ததைச் சொல்கிறேன்.

வெல்ச் கடைத்தெருவில் நான்கைந்து மாடிக் கட்டடங்கள் நிற்கும். ஒரு காலத்தில் பணம் புழங்கிய இடம் என்று பார்த்தாலே தெரியும். இப்போது பாதிக் கதவுகளில் பலகை அடித்திருக்கிறது. மாதத்தின் முதல் வாரம் கடைகளில் கூட்டம் இருக்கும், கடைசி வாரம் ஈயாடும். அரசு உதவித்தொகை எந்த வாரம் வருகிறது என்பதைக் கடைக்காரரின் முகமே சொல்லிவிடும்.

சிறையில் வேலை செய்பவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் மெக்டவலில் குடியிருக்கவில்லை. வெளியே மெர்சர் கவுண்டியில் வீடு, தினமும் மலை ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் சம்பளம் எந்தக் கணக்கில் ஏறும்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி, மலைப்பாதை. வேலை நடக்கும் இடத்தை வைத்து எடுக்கும் ஊதியப் புள்ளிவிவரத்தில் அது மெக்டவலில் ஏறும். குடித்தன வருமானத்தில் மெர்சரில் ஏறும். பி.இ.ஏ. மட்டும் இதற்கென்றே ஒரு வசிப்பிடத் திருத்தம் போட்டுச் சம்பளத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. புதிய வேலைவாய்ப்பு வந்தும் கவுண்டியின் மீடியன் அசையவில்லையே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இனி சுடருக்கு. காலவரிசையாகப் போகிறேன்.

2000 வரை பத்தாண்டுக் கணக்கெடுப்பில் நீண்ட படிவம் என்று ஒன்று இருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்குப் போகும். அதில் கேட்டது முந்தைய நாட்காட்டி ஆண்டின் வருமானம். ஆகவே உங்கள் 16,931 என்பது 2000ஆம் ஆண்டு எண் அல்ல, 1999ஆம் ஆண்டு எண். அதேபோல் 1990 கணக்கெடுப்பு 1989ஐயும், 1980 கணக்கெடுப்பு 1979ஐயும் சொல்லும். எக்செல்லில் ஆண்டை ஒன்று தள்ளிப் போட்டிருந்தால் பணவீக்கத் திருத்தமும் சேர்ந்து தவறும். 1979, 1980 மாதிரி விலைவாசி பறந்த காலத்தில் அது சின்னப் பிழை அல்ல.

1970க்கு முன்னால் போக நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பழைய தொகுப்புகளில் கவுண்டி அளவில் கிடைப்பது பெரும்பாலும் குடும்ப வருமானத்தின் மீடியன். உறவினர் சேர்ந்து வாழ்ந்தால் குடும்பம். ஒரு கூரையின் கீழ் யார் இருந்தாலும், ஒற்றை ஆளாக இருந்தாலும், குடித்தனம். தனியாக வாழும் விதவைகள் குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் குடும்ப மீடியன் எப்போதும் உயரமாக நிற்கும். இரண்டையும் ஒரே கோட்டில் கோத்தால் பொய்யான சரிவு ஒன்று பிறக்கும்.

2010 கணக்கெடுப்பில் நீண்ட படிவம் கிடையாது. அந்த வேலையை ஏ.சி.எஸ். எடுத்துக்கொண்டது. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு ஓராண்டு எண், எல்லா இடங்களுக்கும் ஐந்தாண்டு எண். 20,000 பேருக்கு மேற்பட்ட இடங்களுக்கு மூன்றாண்டு எண்ணும் சில காலம் வந்தது, 2011–2013 தொகுப்போடு நிறுத்திவிட்டார்கள். மெக்டவலுக்கு இப்போது ஐந்தாண்டு எண் மட்டும்தான்.

ஏ.சி.எஸ். ஆண்டு முழுவதும் மாதாமாதம் நடக்கிறது, "கடந்த 12 மாதங்களில் எவ்வளவு வந்தது" என்று கேட்கிறது. 2019 ஜனவரியில் பதில் சொன்னவர் 2018 முழுவதையும் சொல்கிறார். 2023 டிசம்பரில் சொன்னவர் 2023 நவம்பர் வரை சொல்கிறார். ஆக 2019–2023 எண்ணுக்குள் கிட்டத்தட்ட ஆறாண்டு வருமானம் கரைந்து கிடக்கிறது. நடுவில் கொரோனாக் கால உதவித்தொகையும் உள்ளே வந்துவிட்டது.

அந்த எண்ணை வெளியிடும்போதே 2023 டாலராக மாற்றித்தான் தருகிறார்கள். சிலர் "நடு ஆண்டு 2021 அல்லவா" என்று அதை மறுபடி 2021இலிருந்து 2023க்கு உயர்த்துகிறார்கள். இரட்டைத் திருத்தம். 2019க்கும் 2023க்கும் நடுவில் நுகர்வோர் விலைக் குறியீடு சுமார் 19 விழுக்காடு ஏறியது, இப்படிக் கை வைத்தால் எண் எங்கேயோ போய் நிற்கும்.

மூன்றாவது, ஃப்ரெட்டில் நீங்கள் பார்த்தது. அது ஃப்ரெட்டின் சொந்தக் கணக்கு அல்ல. மக்கள்தொகை அலுவலகத்தின் சிறு பகுதி வருமான, வறுமை மதிப்பீடு. வாய்வழக்கில் சைப் என்போம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நாளை.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

தனிநபர் வருமானம் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏ.சி.எஸ். ஐந்தாண்டு எண் ஒவ்வொரு ஆண்டும்தானே வெளியாகிறது? 2005–2009, 2006–2010 என்று வரிசையாகப் போட்டால் ஆண்டுவாரித் தொடர் கிடைத்துவிடுமே.

---

நிரலன் எழுதியது:

அண்ணே, 2018–2022க்கும் 2019–2023க்கும் நான்கு ஆண்டு பொது. ஐந்தில் நான்கு பங்கு அதே வீடுகள், அதே பதில்கள். அதை இரண்டு தனிப் புள்ளிகளாக எடுத்து ரெக்ரஷன் (மாறிகளுக்கு இடையிலான தொடர்பை அளக்கும் கணக்கு) ஓட்டினால் பிழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், முடிவு தற்செயலா என்று சொல்லும் பி-மதிப்பு அழகாக வரும், ஆனால் செல்லாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாத காலங்களை மட்டும் ஒப்பிடுங்கள். 2009–2013, 2014–2018, 2019–2023. மூன்றே புள்ளி. கசப்புதான்.

அந்த மூன்றிலும் பிழை வரம்பைப் பார்த்தீர்களா? ஏ.சி.எஸ். 90 விழுக்காடு நம்பிக்கை அளவில் வரம்பு தருகிறது, 1.645ஆல் வகுத்தால் திட்டப் பிழை. ஒரு கற்பனைக் கணக்கு: முதல் காலம் 25,000, கூட்டிக் கழிக்க 2,800. அடுத்தது, அதே ஆண்டு டாலருக்கு மாற்றிய பின், 28,000, கூட்டிக் கழிக்க 3,100. வித்தியாசம் 3,000. வித்தியாசத்தின் வரம்பு என்ன? இரண்டு வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 4,180. மூவாயிரம் அதற்குள் அடங்கிவிட்டது. "12 விழுக்காடு வளர்ச்சி" என்று தலைப்புப் போட இடமில்லை.

---

சுடர் எழுதியது:

அப்படியானால் எதுவுமே சொல்ல முடியாதா? என் வழிகாட்டி கோடு கேட்கிறார், மூன்று புள்ளிகளைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சொல்லலாம், சைப் இருப்பதே அதற்குத்தான்.

சிறிய இடத்தில் சர்வேக்கு எடுக்கும் வீடுகள் மிகவும் குறைவு. அதை மட்டும் நம்பினால் எண் ஆண்டுக்கு ஆண்டு குதிக்கும். அதனால் சைப் இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று, சர்வே நேரடியாகச் சொன்ன மீடியன். மற்றொன்று, வருமான வரிப் படிவங்கள், பி.இ.ஏ. புள்ளிகள், முந்தைய கணக்கெடுப்பு எல்லாவற்றையும் வைத்து ஒரு புள்ளியியல் மாடல் கணிக்கும் மீடியன். இரண்டையும் எடை போட்டுச் சேர்க்கிறார்கள். சர்வே உறுதியாக இருக்கும் பெரிய கவுண்டியில் எடை சர்வே பக்கம். மெக்டவல் போன்ற இடத்தில் கணிப்பின் பக்கம் சாயும். ஃபே, ஹெரியட் என்ற இருவர் 1979இல் சிற்றூர்களின் வருமானத்துக்குப் போட்ட முறை இதன் மூதாதை. உலக வங்கி முதல் எல்லாரும் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிறு பகுதி மதிப்பீட்டைத் தொடங்குகிறார்கள்.

நல்லது என்ன? ஓராண்டு எண், எல்லாக் கவுண்டிகளுக்கும் உண்டு, நம்பக வரம்போடு வரும். உங்களுக்குத் தேவையான கோடு இதுதான்.

கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, 1989க்குப் பிறகு தொண்ணூறுகளில் இடையிடையே ஆண்டுகள் இல்லை. 1997க்குப் பின்தான் விடாமல் ஓடுகிறது. இரண்டாவது, எண்கள் அந்தந்த ஆண்டு டாலரில் இருக்கின்றன, பணவீக்கத்தை நீங்களே கழிக்க வேண்டும். மூன்றாவது முக்கியமானது. 2004 வரை அடித்தளமாக இருந்தது சி.பி.எஸ். என்ற நடப்பு மக்கள்தொகை சர்வே, 2005 முதல் ஏ.சி.எஸ். கேள்வி கேட்கும் விதமே வேறு. 2004க்கும் 2005க்கும் நடுவில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடிக் கதை எழுதாதீர்கள். படத்தில் அங்கே ஒரு செங்குத்துக் கோடு போட்டு இரண்டு பகுதிகளாகக் காட்டுங்கள். வழிகாட்டிக்குக் கோடும் கிடைக்கும்.

---

நிரலன் எழுதியது:

ஒரு சந்தேகம் சார். கணிப்பின் பக்கம் சாய்கிறது என்றால், அந்தக் கவுண்டியிடமே இல்லாத குணத்தை மற்றக் கவுண்டிகளிடமிருந்து கடன் வாங்கி ஏற்றுகிறார்கள் என்றுதானே பொருள்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதேதான். "வலிமையைக் கடன் வாங்குவது" என்றே துறையில் சொல்வார்கள். கடன் வாங்கினால் வட்டி உண்டு. சுடர், உங்கள் ஆய்வில் மருத்துவ உதவி, அரசு மாற்றுத்தொகை மாதிரி ஏதாவது விளக்க மாறியாக வருகிறதா? வந்தால், சைப் மாடலுக்குள்ளேயும் அதன் உறவினர் உட்கார்ந்திருக்கலாம். அப்போது ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்கியது போல் ஒரு மாயத் தொடர்பு கிடைக்கும். செய்முறைப் பக்கத்தைத் திறந்து என்னென்ன உள்ளீடு என்று பார்த்துவிட்டு ரெக்ரஷனைத் தொடங்குங்கள்.

வரிப் படிவத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. வடக்கு டக்கோட்டாவின் மெக்கென்சி கவுண்டியைப் பாருங்கள். பாக்கன் எண்ணெய் வந்து 2010இல் 6,360 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 14,704 ஆனது. தொழிலாளர் முகாமில் தங்கிக் கிணற்றில் உழைப்பவரின் வரிப் படிவத்தில் டெக்சாஸ் வீட்டு முகவரி இருக்கும். ஏ.சி.எஸ். விதியோ வேறு: இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் தங்கும் இடத்தில் எண்ணுவார்கள். பத்தாண்டுக் கணக்கெடுப்பு வழக்கமான வசிப்பிடத்தைக் கேட்கும். ஒரே ஆளை மூன்று மூலங்கள் மூன்று விதமாகப் பார்க்கின்றன. மெக்டவலில் இது அவ்வளவு பெரிய தலைவலி இல்லை, அங்கே வருவோர் குறைவு, போவோர்தான் அதிகம்.

---

மலைப்பாதை எழுதியது:

போவோர் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1986இல் கேரி ஊரில் யு.எஸ். ஸ்டீல் சுரங்கங்கள் மூடியபோது அடுத்த ஆண்டே கவுண்டியின் வருமானம் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று இணையத்தில் பல இடங்களில் படித்திருக்கிறேன். சுடர் அதையும் போடலாமே?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த வாக்கியத்தை நானும் பார்த்திருக்கிறேன், நம்பத் தயங்குகிறேன். மொத்தத் தனிநபர் வருமானத்தில் சம்பளம் ஒரு பகுதிதான். சமூகப் பாதுகாப்பு, ஓய்வூதியம், ஊனமுற்றோர் தொகை இவையெல்லாம் சுரங்கம் மூடிய மறுநாள் நிற்காது. சுரங்க ஊதியம் என்று யாரோ சொன்னது கைமாறிக் கைமாறி வருமானம் ஆகியிருக்கக்கூடும். பி.இ.ஏ. தொடரில் 1985, 86, 87 மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. பார்க்காமல் ஆய்வேட்டில் போட வேண்டாம்.

ஆனால் 1986 இன்னொரு விதத்தில் உதவுகிறது. சுடர் முதலில் கேட்டாரே, நேர்கோட்டில் நிரப்பலாமா என்று? 1979க்கும் 1989க்கும் நடுவே நேர்கோடு போட்டால் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது போல் வரும். உண்மையில் மூடல் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் நடந்த இடி. அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகை 49,899இலிருந்து 35,233க்கு இறங்கியது. பத்தில் மூன்று பேர் காலி. நிரப்பியே தீர வேண்டுமென்றால் பி.இ.ஏ. ஆண்டுத் தொடரின் வடிவத்தைக் கடன் வாங்கி, இரண்டு கணக்கெடுப்புப் புள்ளிகளிலும் உட்காரும்படி இழுத்துப் பொருத்துங்கள். அதை அளந்த எண் போலக் காட்டாமல் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். 1979க்கும் 1989க்கும் இடையே மீடியன் எங்களிடம் இல்லை என்று எழுதினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

---

சுடர் எழுதியது:

சரி, ஒரு விஷயம் உறுத்துகிறது. 1999இன் 16,931ஐ நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து 2010 டாலருக்கு மாற்றினேன், சுமார் 22,160 வந்தது. 2006–2010 ஏ.சி.எஸ். எண்ணும் 22,000ஐச் சற்றே தாண்டித்தான் நிற்கிறது. அதாவது பத்தாண்டில் அசைவே இல்லை. ஆனால் மக்கள்தொகை 27,329இலிருந்து 22,113 ஆகிவிட்டதே! ஐந்தில் ஒரு பங்கு ஆட்கள் போயும் மீடியன் அப்படியே இருப்பது எப்படி?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்த இழையில் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் உருப்படியானது.

மீடியன் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பின்பற்றுவதில்லை. அந்தந்த நேரத்தில் அங்கே இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்க்கிறது. ஐந்து வீடு என்று வையுங்கள்: 18, 22, 30, 55, 80 ஆயிரம். நடுவில் 30. மேலே உள்ள இரண்டு வீடும் வேலை தேடி சார்லட் போய்விட்டால் மிச்சம் 18, 22, 30. நடுவில் 22. யார் சம்பளமும் குறையவில்லை, மீடியன் எட்டாயிரம் இறங்கிவிட்டது. மாறாகக் கீழே உள்ள இருவர் போனால் அது 55க்கு ஏறும், யாருக்கும் ஒரு காசு கூடாமலேயே. எங்கிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பதைப் பொறுத்து எண் ஏறலாம், இறங்கலாம், நீங்கள் பார்த்ததைப் போல அசையாமலும் நிற்கலாம்.

முதியவர்கள் கதை இன்னும் நுட்பமானது. கணவன் மனைவி இருவருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகை வந்துகொண்டிருக்கும். ஒருவர் காலமானால் இரண்டு தொகை ஒன்றாகும். ஆனால் குடித்தனம் குறையாது, அதே வீடு, அதே முகவரி, பாதி வருமானத்துக்குப் பக்கத்தில். இப்படி ஒரு தெருவே மாறினால் மீடியன் இறங்கும், தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அவ்வளவு மோசமாக இருக்காது. ஆகவே குடித்தன அளவையும் வயதுப் பங்கீட்டையும் மீடியனுக்குப் பக்கத்தில் கட்டாயம் வையுங்கள். ஏ.சி.எஸ். அட்டவணைகளில் குடித்தனத் தலைவரின் வயதுவாரி மீடியன் உண்டு, பிழை வரம்பு பயமுறுத்தும், இருந்தாலும் பாருங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

உணவு அட்டைப் பணம் இந்த வருமானத்தில் சேருமா? அங்கே அதுதான் பாதிப் பேருக்குச் சாப்பாடு என்று தோன்றும் எனக்கு.

---

நிரலன் எழுதியது:

சேராது. ஏ.சி.எஸ். கணக்கிடுவது பணமாக வரும் வருமானம். உணவு உதவி, மெடிக்கெய்ட், வீட்டு மானியம் எதுவும் அதில் இல்லை. பங்கு விற்ற லாபமும் இல்லை, அது மெக்டவலுக்குப் பெரிய விஷயம் அல்ல. வேடிக்கை என்னவென்றால், கென்னடி ஆட்சியின் முதல் உணவு முத்திரைகள் 1961 மே மாதம் வழங்கப்பட்டதே இந்தக் கவுண்டியின் குடும்பம் ஒன்றுக்குத்தான், வெல்ச் ஊரில் வைத்து. அன்றிலிருந்து வரும் அந்த உதவி கவுண்டியின் மீடியனில் ஒரு டாலர்கூட ஏறாது.

---

சந்தேகப்பிராணி எழுதியது:

இன்னொரு யோசனை. ஒரு கவுண்டி சின்னது என்றால் பக்கத்துக் கவுண்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாமே? வயோமிங், மெர்சர் மீடியன்களையும் எடுத்து மக்கள்தொகை எடையிட்டுச் சராசரி போட்டால் பிழை வரம்பு குறையும்.

---

நிரலன் எழுதியது:

சேர்க்கலாம், சராசரி போடக்கூடாது. மீடியன்களின் சராசரி மீடியன் ஆகாது. வருமான அடுக்கு அட்டவணையை (பி19001) எடுங்கள், 16 அடுக்குகள் இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் எல்லாக் கவுண்டி வீடுகளையும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 4,000 வீடு என்றால் நடு 2,000ஆவது வீடு. 40,000 டாலருக்குக் கீழே 1,880 வீடு, 40–45 ஆயிரம் அடுக்கில் 300 வீடு என்றால், இன்னும் 120 வீடு உள்ளே போக வேண்டும். 300இல் 120, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. அடுக்கின் அகலம் 5,000. ஆக 42,000. ஆர் என்ற நிரல் மொழியில் டைடிசென்சஸ் தொகுப்பு இருந்தால் அட்டவணையை இழுப்பது ஒரே வரி.

ஆனால் சுடரின் கேள்விக்கு இது பொருந்துமா தெரியவில்லை. மெர்சரில் புளூஃபீல்ட், பிரின்ஸ்டன் இருக்கின்றன. சேர்த்தால் பிழை குறையும், மெக்டவலும் காணாமல் போகும்.

---

சுடர் எழுதியது:

சேர்க்கவில்லை, மெக்டவல் தனியாகவே இருக்கட்டும். இப்போதைக்கு இப்படி: 1979, 1989, 1999 மூன்றும் கணக்கெடுப்புப் புள்ளிகளாக. 1997 முதல் சைப் கோடு, 2004–05இல் முறிவு. அதன் மேல் ஏ.சி.எஸ்.இன் மூன்று காலங்களும் பிழைக் கம்பிகளோடு, புள்ளியாக இல்லாமல் ஐந்தாண்டு அகலமுள்ள பட்டையாக. எல்லாம் 2023 டாலரில். கீழே இன்னொரு சட்டத்தில் குடித்தன எண்ணிக்கையும் சராசரி அளவும். மெக்டவல் முடிந்ததும் ஒப்பீட்டுக்குத் தெற்கு டக்கோட்டாவின் ஓக்லாலா லக்கோட்டா கவுண்டியையும் இதே முறையில் செய்யலாம் என்று இருக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

படத்தில் 1999க்கு இரண்டு எண் வரும், கணக்கெடுப்பு ஒன்று, சைப் ஒன்று. ஒன்றை அழித்துவிடாதீர்கள், இரண்டையும் காட்டுங்கள். அவற்றுக்கு நடுவே உள்ள தூரம் வாசகருக்கு எந்தப் பிழைக் கம்பியையும் விட நன்றாகப் புரியும்.

ஓக்லாலா லக்கோட்டா 2015 வரை ஷானன் கவுண்டி. பெயரோடு ஃபிப்ஸ் எண்ணும் மாறியது, 46113 போய் 46102 வந்தது. எண்ணை வைத்து இணைத்தாலும் தொடர் 2015இல் அறுந்து, பாதி காலம் வெற்றாக நிற்கும். மெக்டவலுக்கு எழுதிய நிரலை அப்படியே ஓட்டுமுன் அந்த ஒரு வரியை மாற்றிவிடுங்கள்.